பத்து ஆம்பியர் வெளிச்சம்

செப்டம்பர் 1, திங்கள்

கடையில் விற்கும் சாதாரண பேட்டரியில் எரியும் டார்ச் இனி இந்த வீட்டில் புழங்காது என்று இன்று முடிவெடுத்தேன். முடிவைச் சிற்றுண்டிக்கு முன்பே எடுத்துவிட்டேன். அறிவிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டேன், ஏனெனில் உப்புமா முன்னால் இருக்கும்போது திலகவதி எந்தப் பெரிய செய்தியையும் காதில் வாங்குவதில்லை. அரசர்கள் தலைநகரை மாற்றிய நாட்களை யாரோ குறித்து வைத்ததால்தான் நமக்கு வரலாறு கிடைத்தது. இந்த நாளைக் குறிக்க யாரும் முன்வராததால் நானே குறிக்கிறேன்.

"அப்போ அந்தச் செவப்பு டார்ச்ச என்ன பண்றதுங்க?" என்றாள்.

"அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துடலாம்."

"பரண்ல போடறனுங்க" என்றாள். இரண்டும் ஒன்றுதான்.

முடிவுக்குக் காரணம் உண்டு. கோத்தகிரிக்கு மேலே இருக்கும் எங்கள் சில்வர் ஓக் நகருக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு படிப்பாதை. சென்ற மாதம் கரடி ஒன்று அங்கன்வாடியின் கதவைப் பெயர்த்து, சூரியகாந்தி எண்ணெயைக் குடித்து, பாக்கெட்டை மட்டும் ஒழுங்காக விட்டுப்போனது. அதிலிருந்து, மாலைப் பேருந்தில் வேலை முடிந்து வரும் பெண்களை டார்ச்சோடு போய் அழைத்துவர ஒருவர் வேண்டும் என்று நலச்சங்கம் தீர்மானித்தது. கூட்டத்தில் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் நான் எழுந்து நின்றேன். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, என்னை நம்பி யாராவது நான்கு பேர் நடப்பது இதுவே முதல் முறை. வேலையில் இருந்தபோதும் நடந்ததாக நினைவில்லை.

ஆனால் சில வாரங்களாக டார்ச் மங்கிக்கொண்டே வருகிறது. பேட்டரி மாற்றினாலும் மங்கல். இந்த நாட்டில் தரம் என்பதே போய்விட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

இணையத்தில் டார்ச் ஆர்டர் செய்தேன். பத்தாயிரம் லூமென் வெளிச்சம். கலங்கரை விளக்கத்துக்கு எவ்வளவு என்று தேடினேன், தெரியவில்லை. காஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 6, சனி

டார்ச் வந்தது. நீளம் முழங்கைக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு லித்தியம் செல்கள் போட வேண்டும். அவற்றையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 9900 மில்லிஆம்பியர் மணி என்று பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது. பொன் எழுத்தில் இருப்பதை நம்பும் பழக்கம் பழைய நூல்களின் முதுகைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இருக்கும்.

மாலை நிறுத்தத்தில் போய் நின்றேன். பேருந்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலி ஜெசிந்தாவும், துணிக்கடைப் பெண்கள் மூவரும் இறங்கினார்கள். பொத்தானை அழுத்தினேன்.

"ஐயோ, சார்! கண்ணு!" என்று ஜெசிந்தா முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள். "கரடிக்கு முன்னாடி எங்கள முடிச்சிருவீங்க போலிருக்கு."

"இதுவே போதலைன்னு பார்க்கறேன்" என்றேன்.

"போதலையா? சார், எங்க வீட்டுக் கூரையில ஓடு எத்தனைன்னு இங்கிருந்து எண்ணலாம்."

இளைஞர்களுக்கு மிகைப்படுத்தும் வழக்கம் உண்டு. எப்படியும் சர்ச்சை நீடிக்கவில்லை. பாதிப் படி ஏறுவதற்குள் டார்ச் தானாகவே மங்கி, மூன்று முறை இமைத்து, உயிரை விட்டது. மீதி வழியை அவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் கடந்தோம். பஞ்சாயத்து மேல் படிகளில் ஒன்றை உயர்த்தியிருக்கிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. முழங்காலில் தோல் பெயர்ந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முழங்காலுக்குத் தைலம். முன்னறையில் ஸ்டூலைத் திலகவதி இடம் மாற்றி வைத்திருக்கிறாள். மறுக்கிறாள். தடுக்கியவன் நான், ஆனால் சாட்சி இல்லை.

செப்டம்பர் 10, புதன்

நான்கு நாட்களாக லித்தியம் செல் பற்றி மட்டுமே படிக்கிறேன். திருமணத்துக்கு முன் இத்தனை விசாரித்திருந்தால் இரு வீட்டாரும் ஓடியிருப்பார்கள்.

கற்றது இது. இந்த அளவு செல்லில், உலகின் மிகச் சிறந்த தொழிற்சாலை முயன்றாலும், நாலாயிரத்தை ஒட்டித்தான் அடைக்க முடியும். 9900 என்பது தேர்தல் அறிக்கை. நல்ல செல் நாற்பத்தைந்து கிராமுக்கு மேல் எடை வர வேண்டும். சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். பொன் எழுத்துச் செல் இருபத்தொன்பது கிராம். திலகவதியின் ஏலக்காய் டப்பா அதைவிடக் கனம்.

"ஏனுங்க, தராசுல பேட்டரி வெக்காதீங்க. நாளைக்கு ரவை அளக்கோணும்."

"எண்பது ரூபாய்த் தராசு ஒரு சர்வதேச மோசடியைக் கண்டுபிடிச்சிருக்கு. ரவையெல்லாம் சின்ன விஷயம்."

"கண்டுபிடிச்சாச்சுன்னா எடுத்துருங்க" என்றாள். பிறகு, நான் எண்ணைப் படித்த விதத்தைப் பார்த்து, "ஏன் தராச சன்னலுக்குக் கொண்டு போறீங்க?" என்றாள். வெளிச்சம் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை என்ற அடிப்படை இயற்பியலை விளக்கினேன். கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினாள்.

இந்த மாதிரிச் செல்லின் உள்ளே சிறு செல் ஒன்றையும் இடத்தை நிரப்ப மாவையும் வைத்திருப்பார்களாம். உடைத்துப் பார்க்கவில்லை. உடைக்கக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம்.

செப்டம்பர் 13, சனி

கோயம்புத்தூர் போனேன். கணபதியில் மின்சார ஸ்கூட்டருக்குப் பேட்டரிக் கட்டு செய்யும் பட்டறை. உரிமையாளர் ரெஹானா. பொறியியல் படித்துவிட்டு, ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்று வருடம் பவர்பாயிண்ட் செய்து அலுத்து, இதை ஆரம்பித்ததாகச் சொன்னாள். மேசையில் டார்ச்சைப் பிரித்து வைத்துவிட்டு, "என்ன வேணுங்க, ரொம்ப நேரம் எரியோணுமா, ரொம்பப் பிரகாசமா எரியோணுமா?" என்றாள்.

"இரண்டும்."

"அப்படித்தாங்க எல்லாருமே கேக்கறாங்க. ஒரே செல்லுல ரெண்டும் உச்சத்துல கெடைக்காதுங்க. நெறைய தேக்கி வெக்கற செல்லுக்கு ஒரே மூச்சுல எறைச்சுக் குடுக்க வராது. இந்த டார்ச் முழு வெளிச்சத்துல பத்து ஆம்பியர் இழுக்குது. உங்க 9900 மூணு ஆம்பியர் குடுக்கறதுக்கே மூச்சு வாங்கும். அதான் சூடாகி மங்கிப் போச்சு."

"அப்ப எண் குறைவா இருக்கறதுதான் நல்லதா?"

"மூவாயிரம்தான் போட்டிருக்கும். ஆனா தொடர்ந்து பதினஞ்சு ஆம்பியர் தாங்கும்னும் போட்டிருக்கும். அந்த ரெண்டாவது நம்பர் எங்கியுமே இல்லைன்னா அந்தச் செல்ல வாங்காதீங்க."

உள்ளே சிறு பாதுகாப்புப் பலகை வைத்த செல் ஒன்றும் இருக்கிறதே, அதுதான் பத்திரம் என்று படித்தேனே என்று கேட்டேன். அந்தப் பலகை எட்டு ஆம்பியரிலேயே துண்டித்துக்கொள்ளும், படியில் ஏறும்போது பொசுக்கென்று இருட்டாகிவிடும், தவிர நீளம் கூடி இந்தக் குழாய்க்குள் நுழையாது என்றாள். பலகை இல்லாத செல்லென்றால் அதற்குப் பதிலாக வைத்திருப்பவருக்கு மூளை இருக்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள். தலையசைத்தேன்.

பச்சை உறை போட்ட இரண்டு செல்களை எடுத்து வைத்தாள். தராசில் நாற்பத்தாறு, நாற்பத்தாறு.

"ரெண்டும் ஜோடிங்க. ஒண்ணா சார்ஜ் பண்ணோணும், ஒண்ணா போடோணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு கலந்துட்டா, புதுசு பழச அடிச்சே கொன்னுரும்."

"குடும்பத்துலயும் அப்படித்தான்."

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் பேட்டரிக்கு மட்டும்தான் வாரண்டி" என்றாள். பிறகு ஒரு செல்லைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பச்சை ஒறையப் பாருங்க. மெல்லிசுதான். ஆனா இதுதாங்க எல்லாம். உள்ள இருக்கற இரும்புக் கூடு அடியில இருந்து கழுத்து வரைக்கும் மொத்தமும் மைனஸ். தலையில இருக்கற பொட்டு மட்டும் பிளஸ். ரெண்டுக்கும் நடுவுல இந்த ஒறையும், ஒரு காகித வளையமும்தான். உங்க டார்ச்சுல ரெண்டு செல் வரிசையா நிக்குது. ஒறை இல்லாம முன்னாடி செல் குழாயத் தொட்டுச்சுன்னா பின்னாடி செல் மொத்தமா ஷார்ட் ஆயிரும். தீதான். ஒறை கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் போடாதீங்க, எங்கிட்ட கொண்டாங்க."

குறித்துக்கொண்டேன். வெளியே வரும்போது கடைவாசலில் ஒரு ஸ்கூட்டர் என் மீது மோதியது. அது நின்றுகொண்டிருந்தது என்று ரெஹானா பிறகு சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெற்றி. டார்ச் மங்கவில்லை, இமைக்கவில்லை, கடைசிப் படி வரை ஒரே சீராக எரிந்தது. எதிர்மலையில் இருக்கும் தேவாலயத்தின் சிலுவை தெரிகிறது என்றார்கள். எனக்கு நடுவே வட்டமாகத் தெரிந்தது. ஓரங்களில் வெளிச்சம் போதவில்லை. கண்ணாடி வில்லையின் குறையாக இருக்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

வீட்டில் லித்தியம் சட்டம் அமலுக்கு வந்தது. ஆளில்லாமல் சார்ஜ் ஏற்றக் கூடாது. மெத்தை மேல், திரைச்சீலை அருகே, சாமி அறையில் ஏற்றக் கூடாது. தனிச் செல்லைச் சட்டைப் பையில் சாவியோடு போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் வைக்கவே கூடாது.

கடைசி விதியில் திலகவதிக்கு ஆட்சேபணை. இந்த வீட்டில் எவர்சில்வர் அல்லாத டப்பாவே இல்லை என்றாள். தேடினோம். உண்மை. முடிவில் அவள் பல் செட் வைக்க வாங்கி இன்னும் பல் விழாததால் சும்மா கிடந்த பிளாஸ்டிக் பெட்டி கிடைத்தது.

மாலை நலச்சங்கக் கூட்டத்தில் "உறையும் உயிரும்" என்ற தலைப்பில் அரை மணி பேசினேன். பச்சை உறையைத் தூக்கிக் காட்டி, இது கிழிந்திருப்பதைக் கவனிக்காதவன் கையில் லித்தியம் செல்லைத் தருவது குற்றம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். தேநீர் வந்திருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

கரடி வந்தது.

படிகள் வளையும் இடத்தில் துணிக்கடைப் பெண்களில் ஒருத்தி "சார்" என்றாள். குரல் விநோதமாக இருந்ததால் நின்றேன். எல்லோரும் நின்றார்கள். டார்ச்சை நேரே பிடித்தேன். தேயிலை, பாதை, பனிமூட்டம். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

"சார்" என்று ஜெசிந்தா மெல்லச் சொன்னாள். "நகராதீங்க. உங்க இடது கைப்பக்கம்."

"எங்கே?"

"இடது பக்கம், சார். எட்டிப் பிடிக்கற தூரம்."

திரும்பினேன். அங்கே ஒரு புதர் இருந்தது. புதருக்கு மூக்கு இருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பத்தாயிரம் லூமெனை முகத்தில் வாங்கிய கரடி, அலுவலகத்தில் தவறான கவுண்ட்டரில் நின்றுவிட்டவரைப் போல ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பிச் சரிவில் இறங்கிப் போனது. வாடை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

என் நிதானத்தைப் பெண்கள் வெகுவாக வியந்தார்கள். "எப்படி சார் அசையாம நின்னீங்க?" என்று துணிக்கடைப் பெண்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அடக்கத்தோடு மௌனம் காத்தேன். ஜெசிந்தா மட்டும் எதுவும் கேட்கவில்லை. மீதிப் படிகளில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பயந்திருப்பாள், பாவம்.

செப்டம்பர் 24, புதன்

ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். சுண்டல் சாப்பிட்டாள். பிறகு, "சார், என் மூக்கையே பாருங்க. எத்தனை விரல் காட்டறேன்?" என்று கையைப் பக்கவாட்டில் எங்கோ நீட்டினாள்.

"மூக்கைப் பார்க்கச் சொல்லிட்டு விரலைக் கேக்கறது என்ன நியாயம்?"

"அதான் சார் டெஸ்ட்டே."

"மூக்கு நல்லாத் தெரியுது."

அவளும் திலகவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் கண் மருத்துவமனைக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம் என்றாள் ஜெசிந்தா. தீபாவளிக்குப் பிறகு என்றேன். போன வருடமும் தீபாவளிக்குப் பிறகு என்றுதான் சொன்னேன் என்றாள் திலகவதி.

"சார், உண்மையச் சொல்லட்டுமா? சாயங்காலம் நீங்க எங்களக் கூட்டிட்டு வர்றீங்கன்னு ஊரு நினைக்குது. நாங்கதான் முன்னாடி ஒரு ஆளு, பின்னாடி ஒரு ஆளு போட்டு உங்களக் கூட்டிட்டு வர்றோம்."

நகைச்சுவை உணர்வுள்ள பெண். செவிலியருக்கு அது அவசியம்.

டார்ச் வில்லையை மென்துணியால் துடைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. பேருந்து இல்லை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருப்பதாகப் புகார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜைக்குத் திலகவதியின் அண்ணன் அருணகிரி வந்துவிட்டார். பீளமேட்டில் நாற்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விற்ற பிறகு ஆயுதம் இல்லாத வீட்டில் ஆயுத பூஜை கொண்டாடப் பிடிக்காமல் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஆயுதங்களைத் தேடி வருகிறார். அரிவாள்மனை, களைக்கொத்து, தையல் எந்திரம், மிக்ஸி, என் மூக்குக்கண்ணாடி என ஒன்றையும் விடமாட்டார். புளி, சாம்பல், தேங்காய் நார் கொண்டு எல்லாவற்றையும் தேய்ப்பார். போன வருடம் தேய்த்ததில் பிரஷர் குக்கரின் உள்ளே இருந்த அளவுக் கோடுகள் போயின.

"மாப்ளே, உன்ற புது டார்ச் எங்கப்பா? தங்கச்சி சொன்னா, ஊரே அதப்பத்தித்தான் பேசுதாமா."

எடுத்துக் கொடுத்தேன். செல்களைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "நாளைக்குச் சொல்லு, இப்ப தூக்கம் வருது" என்றார்.

அக்டோபர் 1, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நான் கடைவீதிக்குப் போய்ப் பொரி, கடலை, வாழைக்கன்று வாங்கி வந்தேன். அந்த நேரத்தில் மச்சான் கொல்லையில் உட்கார்ந்து ஆயுதங்களைச் சுத்தம் செய்திருக்கிறார். நான் வரும்போது எல்லாம் சாமி அறையில் அடுக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு, மேலே செவ்வந்தி போடப்பட்டிருந்தது. டார்ச் பின்மூடி கழற்றி, பக்கத்தில் இரண்டு செல்களோடு, பித்தளைத் தட்டில் இருந்தது. அறையில் விளக்கு ஒன்றுதான். சாம்பிராணி வேறு.

மச்சான் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, "எல்லா மிசினும் ஒரு தடவ ஓடோணும். மிக்ஸியப் போடு தங்கச்சி. மாப்ளே, நீ டார்ச்சப் போடு" என்றார்.

செல்கள் இரண்டையும் எடுத்தேன். சந்தனம் ஈரமாக இருந்தது, துண்டால் துடைத்துக்கொண்டேன். ஒன்றன் பின் ஒன்றாகக் குழாய்க்குள் இட்டேன். மூடியைத் திருகினேன்.

பொத்தானை அழுத்தவில்லை. அதற்கு முன்பே கை சுட்டது. கற்பூரத் தட்டு அருகில் இருப்பதால் என்று நினைத்தேன். பிறகு குக்கர் போல ஒரு சீற்றம் கேட்டது. மிக்ஸி என்று நினைத்தேன்.

"கீழ போடுங்க!" என்று திலகவதி கத்தினாள்.

போடவில்லை. என்ன போடச் சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாவி வந்து என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி, கொல்லைக் கதவு வழியாக எறிந்தாள். அது கேரட் பாத்தியில் விழுந்து வெடித்தது. வெள்ளைப் புகை எழுந்தது. தீ ஒரு முழம் எரிந்தது. பக்கத்து வீட்டார், எங்கள் பூஜை இந்த வருடம் விமரிசையாக இருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

மச்சான் கொல்லை வாசலில் நின்றபடி, "நான் என்னப்பா பண்ணுனேன்? பிளாஸ்டிக் கவரோட சாமிக்கு வெக்கறதான்னு அந்தப் பச்சக் கவர உரிச்சுட்டு, புளி போட்டுத் தேய்ச்சு வெச்சேன். அவ்ளோதான். பளபளன்னு இருந்துச்சு" என்றார்.

பளபளவென்றுதான் இருந்திருக்க வேண்டும். அவர் தேய்த்தால் அப்படித்தான் இருக்கும்.

திலகவதியின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மச்சான் பற்பசை பூசினார். ஓடிவந்த ஜெசிந்தா பற்பசையைக் கழுவிவிட்டு, எல்லோரையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் திட்டி, கட்டுப்போட்டாள். இடையில் மச்சான் ஒரு முறை, "ஏம்மா, வெள்ளிக் காசாட்டம் மின்னுச்சு. பச்சை இல்லைன்னு இவருக்குக் கூடவா தெரியாது? இவர்தானே கிளாஸ் எடுத்தாராமா" என்றார்.

அறையில் வெளிச்சம் குறைவு என்று சொன்னேன்.

பொரி கடலையை மச்சான்தான் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அக்டோபர் 2, வியாழன்

தோசை நான் வார்த்தேன். திலகவதி சாப்பிட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

கட்டு மாற்ற ஜெசிந்தா வந்தாள். திலகவதி எதுவும் சொல்லவில்லை. மூன்று நாளாகவே சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என் மேல் அவள் வைத்த குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருக்கும் எனக்கு இது புதிய நிலைமை.

மாலை நானே, "திங்கட்கிழமை கோயம்புத்தூர் போகலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"டார்ச்சைச் சரி பண்ண."

இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே கண்ணையும் காட்டிடலாம்" என்றேன்.

"ஜெசிந்தா போன வாரமே டோக்கன் போட்டுட்டாளுங்க" என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

கண் மருத்துவமனையில் கல்யாண மண்டபத்தை விடக் கூட்டம். சொட்டு மருந்து விட்டார்கள், முகவாயை ஒரு இயந்திரத்தில் வைக்கச் சொல்லிக் கண்ணில் காற்றை ஊதினார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை படித்தேன். படிப்பதில் எனக்கு எப்போதும் தடை இருந்ததில்லை. திலகவதியைத் திரும்பிப் பார்த்தேன், வெற்றிதான் என்ற பொருளில். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சிறு வெளிச்சங்கள் வந்து வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தக் காத்திருந்தேன். நெடுநேரம் எதுவும் வரவில்லை. இயந்திரம் மட்டும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டொன்று வந்தன, அழுத்தினேன். மறுபடி நீண்ட இடைவெளி.

பரிசோதனை செய்த பெண்ணிடம், "இதுல பேட்டரி வீக்கா இருக்கும்மா. கரண்ட் பத்தாது. பத்து ஆம்பியர் தாங்கற செல்லா பார்த்துப் போடணும்" என்றேன்.

"இது பிளக்குல ஓடுதுங்கய்யா" என்றாள்.

"வெளிச்சம் வரவே இல்லையே."

"வந்துட்டேதாங்கய்யா இருந்துச்சு" என்றாள். தாளில் அச்சடித்து வந்ததை மடித்துத் திலகவதியிடம் கொடுத்தாள், என்னிடம் கொடுக்கவில்லை.

டாக்டர் இளம்வயது. தாளைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்திருக்கிறது, வலி இருக்காது, நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், அதனால் யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள் என்றார். "எப்ப இருந்துங்கய்யா படியில தடுக்குது? பக்கத்துல வர்ற ஆள் திடீர்னு மொளைச்ச மாதிரி இருக்குமே?"

"எங்க ஊர்ல படி சரியில்லைங்க" என்றேன்.

"ரெண்டு வருசமாங்க" என்றாள் திலகவதி.

வரும் வழியில் ரெஹானாவின் பட்டறைக்குப் போனோம். டார்ச்சின் கருகிய குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒறைய உரிச்சுட்டாங்களா? யாருங்க அது?" என்றாள்.

"மச்சான். ஆயுத பூஜைக்கு."

"உரிச்சது அவரு. உள்ள போட்டது யாருங்க?"

நான் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

"இவருதாங்க" என்றாள் திலகவதி. ஜாடை எதுவும் இல்லாமல் சொன்னாள், பெயர் கேட்டால் பெயர் சொல்வது போல.

ரெஹானா அவள் கைக்கட்டைப் பார்த்தாள். பிறகு ஒரே செல் போடும் சிறிய டார்ச் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். இதில் உறை போனாலும் அத்தனை மோசமாகாது, சார்ஜ் டார்ச்சிலேயே வயர் சொருகி ஏற்றிக்கொள்ளலாம், செல்லை வெளியே எடுக்கவே தேவையில்லை, இரண்டாயிரம் லூமென் போதும் என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் திலகவதியைப் பார்த்துச் சொன்னாள். பொத்தானை எப்படி அழுத்துவது, எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால் முழு வெளிச்சம் வரும் என்று இரண்டு முறை காட்டினாள். திலகவதி இடது கையால் அழுத்திப் பார்த்தாள். சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது.

"போதுங்களா?" என்றாள் ரெஹானா.

"எனக்குப் போதுமுங்க" என்றாள் திலகவதி.

பேருந்தில் சன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். மலைப்பாதை தொடங்கியதும் இருட்டிவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு கண்ணுக்கும் இரவு ஒரு சொட்டு, வாழ்நாள் முழுக்க. போன பார்வை வராது, இருப்பதை நிறுத்தி வைக்கலாம். வலது கண்ணில் பக்கப் பார்வை பாதி. இடது கண்ணில் நடுவில் மட்டும்.

காலையில் கேரட் பாத்தியைக் கொத்தி, கருகிய மண்ணை எடுத்துப் போட்டேன். மச்சான் போன் செய்து குக்கருக்குப் புதுக் கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

மாலைப் பேருந்துக்குச் சிறிய டார்ச்சோடு திலகவதி போனாள்.